ஏழெட்டை உடைத்துப் போட்டவளுக்கு

ஏட்டி,

இன்று காலையில் பள்ளிக்கூடத்து பீரோவைத் திறந்து, அடித்தட்டில் கிடந்த உரச்சாக்கை வெளியே இழுத்தேன். நீ சேர்த்து வைத்த காலித் தீப்பெட்டிகள். வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்ததுமே அந்த மருந்து வாடை முகத்தில் வந்து அடித்தது. உனக்குத்தான் அது ஆகவே ஆகாதே. சாக்கைத் தொட்டாலே தும்மல். நீ ஒரு தும்மல் போட்டால் வகுப்பு மொத்தமும் 'நூறு' என்று கத்தும். அடுத்த தும்மலுக்கு 'இருநூறு', அடுத்ததற்கு 'முந்நூறு'. "ஏலே, எனக்கு ஆயுசு கூட்டுததுல மட்டும் ஒருத்தனும் தப்பு விடமாட்டேங்கியளே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்வாய். நாற்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தாய். பிள்ளைகள் சொன்ன கணக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்போல இருக்கிறது. யாரிடம் கேட்க?

சாக்கை எடுத்தது பூஜ்ஜியப் பாடத்துக்காக. பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்ததை இன்றைக்கே எடுத்துவிட்டேன். உன் மகள் நம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கடைசி நாள் இன்று. அவளுடைய அப்பா நாகலாபுரத்தில் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். டி.சி.யில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். நீ பார்த்த தலைமையாசிரியைப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதால் அதையும் நானே செய்ய வேண்டியதாயிற்று. அஞ்சாம் வகுப்பு முடியும்வரைக்கும் அவளை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். நாலாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை.

எப்படி ஆயிற்று என்று சொல்லாமல் போனால் நீ என்னை விடமாட்டாய். சொல்கிறேன்.

கணக்கை இப்போது நான்தான் எடுக்கிறேன். சிரிக்காதே. பயிற்சிப் பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதித் தேறியவள் நான். நம் இரண்டு டீச்சர் பள்ளிக்கூடத்தில் நீ பெரிய வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் பார்த்தாய், நான் சின்ன வகுப்புகளையும் எல்லாருடைய தமிழையும் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குப் பதிலாக ஒரு பெண் வாரத்தில் சில நாட்கள் வந்துபோகிறாள். பாவம், அவளுக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. அதனால் கணக்குப் புத்தகம் என் கையில்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்தாயானால், எண்களைத் திருப்பிப் போட்டுப் பெருக்கினாலும் விடை மாறாது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். நானும் ஒரே வரியில் முடித்தேன். பிள்ளைகள் தலையை ஆட்டின. எனக்கே தெரிந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்த ஒரு வரிக்கு நீ ஒரு வாரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தவள் அல்லவா நான்.

முதல் நாள் நீ கேட்டது எனக்கு அடுத்த வகுப்பிலிருந்தே காதில் விழுந்தது. "பத்துப் பெட்டி போட்ட பாக்கெட்டு அஞ்சு. அஞ்சு பெட்டி போட்ட பாக்கெட்டு பத்து. ரெண்டும் ஒண்ணா?" மொத்த வகுப்பும் "இல்ல டீச்சர்" என்றது. பாதிப் பேர் வீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. ஒருத்தி எழுந்து, "அஞ்சு பெட்டி போட்டுக் கட்டுனா எங்கம்மைய ஏசுவாவ டீச்சர். எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பக் கட்டணும்" என்றாள். ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் விடுவானா? "மூணு பேரு ஆளுக்கு நாலு ஆடு ஓட்டுததும், நாலு பேரு ஆளுக்கு மூணு ஆடு ஓட்டுததும் எப்படி டீச்சர் ஒண்ணாவும்? ஒரு ஆளு கூட வேணும்லா?"

நானாக இருந்தால் உட்காருலே என்றிருப்பேன். நீ சாக்பீஸோடு என் வகுப்பு வாசலுக்கு ஓடி வந்தாய். கண்ணெல்லாம் பளபளவென்று. "ஏட்டி, அதுங்க சொல்லுததுதான் சரி. விடைதான் ஒண்ணு. வேலை வேற வேற. இத யாரும் நமக்குச் சொல்லவே இல்லயேட்டி" என்றாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உன்னை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் நின்று, இதற்கு ஏன் இவள் இப்படிக் குதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தரையில் பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கினாய். ஒரு பக்கம் நின்று எண்ணச் சொன்னாய். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. அந்தப் பக்கம் போய் நின்று எண்ணச் சொன்னாய். நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. "பெட்டி நகந்துச்சா? இல்ல. நீதான நகந்த" என்றாய். ஆட்டுக்காரப் பையன் இரண்டு பக்கமும் நாலைந்து தடவை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு எனக்கும் அது புரிந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதுவரைக்கும் மனப்பாடமாகத்தான் தெரியும்.

பார்வைக்கு வந்த அதிகாரியிடம் அவன் மாட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. "நாலு மூணும் மூணு நாலும் ஒண்ணாப்பா?" என்று அவர் கேட்க, "விடை ஒண்ணு சார். ஆனா ஒண்ணு இல்ல" என்று இவன் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல, அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ அசையவில்லை. "சரியாத்தான் சொல்லுதான் சார்." அவர் ஜீப் கரிசல் ரோட்டில் மறையும்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் சிரித்தாயே ஒரு சிரிப்பு, தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

உன் மகள் அப்போது இரண்டாம் வகுப்பில், என்னிடம். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறி கோவில்பட்டிக்கு இங்கிலீஷ் படிக்கப் போகும்போது நீ மட்டும் கோவில்பட்டியிலிருந்து பிள்ளையைக் கையில் பிடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றி இந்தக் காட்டுக்குக் கூட்டிவருவாய். உன் தெருவில் சிரிக்காத ஆள் கிடையாது. உன் அம்மாவே உன்னோடு பேசாமல் இருந்தார்கள். நானும் ஒரு நாள் கேட்டுவிட்டேன், ஏன் இந்த வீம்பு என்று. "நான் சொல்லிக்கொடுக்குத பள்ளிக்கூடம் எம்பிள்ளைக்கு ஆகாதுன்னா, மத்தவ பிள்ளைக்கு மட்டும் எப்படிட்டி ஆகும்?" என்றாய். அதற்கப்புறம் நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என் பையன்கள் இரண்டு பேரும் இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் போகிறவர்கள்தானே.

அவளுக்குப் பெருக்கலை நீ வீட்டில் சொல்லிக்கொடுத்தது கடலைமிட்டாயில். வகுப்புக்கும் அதே வழிதான். கோடு போட்ட பெரிய வில்லையாக வாங்கிவந்து மேசையில் வைப்பாய். ஏழு வரி, வரிக்கு எட்டுக் கட்டம். "ஏழெட்டு எவ்வளவு?" ஒருவருக்கும் தெரியாது. ஐந்து வரியை ஒரு பக்கம், இரண்டு வரியை ஒரு பக்கம் என்று டபக்கென்று உடைப்பாய். அஞ்செட்டு நாற்பது, ரெண்டெட்டு பதினாறு. சேர்த்தால் ஐம்பத்தாறு. "எங்கன உடைச்சாலும் மிட்டாய் குறையாது. உனக்கு லேசா இருக்க இடத்துல உடை" என்பாய். விடை சொன்ன கையோடு பிள்ளைகள் மிட்டாயைத் தின்றுவிடும். கணக்கு வயிற்றுக்குள்ளே போனால்தான் தங்கும் என்று ஒரு சித்தாந்தம் வேறு வைத்திருந்தாய்.

வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போகலாமா என்று நான் சண்டை பிடித்தேன். நீ விடவில்லை. "ஒப்பிச்சது மறந்துபோனா அம்போன்னு நிப்பா. உடைக்கத் தெரிஞ்சவ நிக்கமாட்டா." அப்படியேதான் வளர்த்தாய். இரண்டு, ஐந்து, பத்து, இந்த மூன்று வாய்ப்பாடுதான் அவளுக்கு. மற்றதெல்லாம் உடைத்துப் போடுவாள். ஏழெட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பாள், உதடு அசையும், ஐம்பத்தாறு வரும். தப்பே வராது. ஆனால் அந்த ஒரு நிமிடம் நிற்பாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன் குரல் பாதியாகப் போயிருந்தபோதும் இதைத்தான் பேசினாய். வீட்டைப் பற்றிப் பேசவில்லை, அவரைப் பற்றிப் பேசவில்லை. "அஞ்சு முடியுத வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும்ட்டி. அவ நிக்குதப்போ யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அந்த நேரத்துலதான் அவ போட்டுக்கிட்டு இருக்கா." நான் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிட்டி, நீ முதல்ல இதக் குடி" என்றேன். அவ்வளவு லேசாகச் சொன்னேன். ஊரில் உலகத்தில் சொல்கிற சரி மாதிரி.

நீ போன பிறகு தினமும் நான்தான் அவளை பஸ்ஸில் கூட்டிவந்தேன். பஸ்ஸில் நான் சித்தி, பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் டீச்சர். உனக்கும் அதே சட்டம்தானே வைத்திருந்தாய், மணி அடிக்கும்வரை அம்மா கிடையாது என்று. சாயங்காலம் என் வீட்டில் இருந்துவிட்டு, அவள் அப்பா மில்லிலிருந்து வந்ததும் போவாள். பகல் ஷிப்டு வரைக்கும் இது நடந்தது. கார்த்திகையில் அவரை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றினார்கள். அவர் கேட்டுப்பார்த்தார், ஆள் இல்லை என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளை சில நாள் என் வீட்டில் படுத்தது, சில நாள் பக்கத்து வீட்டில். காலையில் எங்கே போய்க் கூப்பிட வேண்டும் என்று நான் அவருக்குப் போன் போட்டுக் கேட்கிற நிலைமை.

போன வாரம் அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தூக்கமில்லாத கண். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை.

"டீச்சர், பாப்பாவுக்கு டி.சி. வேணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அக்கா கூப்பிடுதா. அவளுக்குப் பொட்டப்பிள்ளை கிடையாது. நல்லாப் பாத்துக்கிடுவா. அங்கனயே பள்ளிக்கூடம் இருக்கு, நடந்து போயிறலாம்."

"எங்க வீட்டுல இருக்கட்டும். எனக்கு அவ ஒரு பாரமா?"

"எத்தன நாளைக்கு டீச்சர் பாப்பிய? உங்களுக்கும் வீட்டுல மாமியா படுத்த படுக்கையா இருக்காவ. ரெண்டு பயலுவ இருக்கானுவ. நீங்க மாட்டேன்னு சொல்லமாட்டிய, தெரியும். அதனாலதான் நானே வந்தேன்."

ஏட்டி, அந்த மனிதர் ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன். இரண்டாம் கல்யாணம் என்று பேச்சு எடுத்திருந்தால் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன். என் வாயை நீதான் அறிவாயே. ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உன் நாத்தனாரையும் எனக்குத் தெரியும், நல்ல மனுஷி. உன் காரியத்துக்கு வந்தவள் மூன்று நாள் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை. யார்மேல் கோபப்பட? கோபப்பட ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் உன்மேல்தான் வந்தது. இப்படி விட்டுவிட்டுப் போனாயே, பாவி. கழிப்பறைப் பக்கம் போய் நின்று உன்னை நன்றாக ஏசிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். பிள்ளை அழுது மாட்டேன் என்று சொன்னால் அவர் மனசு மாறும். மறுநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"நாகலாபுரம் போக உனக்கு இஷ்டமா?"

சன்னல் வழியாக மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா இப்ப சாப்பிடாமத்தான் சித்தி வேலைக்குப் போறாவ. எனக்கு எடுத்துவச்சிட்டு, பசி இல்லன்னுட்டுப் போயிருதாவ. நான் அத்தை வீட்டுல இருந்தா லீவுக்கு அங்கன வருவாவள்லா. அத்தை விடமாட்டா. சாப்பிட வச்சிருவா."

இதையும் உடைத்துத்தான் போட்டிருக்கிறாள், பார்த்தாயா. அப்பாவுக்கு இவ்வளவு, தனக்கு இவ்வளவு என்று. டிக்கெட் கொடுக்க வந்தவர் இரண்டு தடவை கேட்டார்.

அதனால் இன்றைக்குப் பூஜ்ஜியம். அவள் இருக்கும்போதே நடத்திவிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. உன் முறைப்படி ஏழு காலிப் பெட்டிகளை மேசையில் அடுக்கினேன். "ஏழு பெட்டி. ஒவ்வொண்ணுலயும் குச்சி இல்ல, பூஜ்ஜியம். ஏழு பூஜ்ஜியம் எவ்வளவு?"

"ஏழு."

"ஏலே, திறந்து பாரு. உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். ஆனா பெட்டி இருக்குல்லா?"

மூன்று நான்கு பிள்ளைகள் அதையே சொல்லின. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அம்மாவோடு பெட்டி ஒட்டுகிற பிள்ளைகள். அவர்களுக்கு வெறும்பெட்டி ஒன்றுமில்லாததாகுமா? அதுதானே அவர்கள் வீட்டு வேலையே. உன்னிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள், எனக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, "பூஜ்ஜியத்துல இன்னைக்கு என்னை மடக்கிட்டானுவட்டி" என்று நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. என்ன குழம்பு என்று கேட்டிருப்பேன்.

நின்றேன். கையில் ஒரு பெட்டி. பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டும்போது பூஜ்ஜியம் ஒன்றையும் தொடாமல் சும்மா இருக்கிறது, பெருக்கும்போது மட்டும் இருக்கிறதையெல்லாம் துடைத்துவிடுகிறது. அது ஏன் என்று எனக்கே அந்த நேரத்தில் பிடிபடவில்லை.

அப்போது உன் மகள் எழுந்தாள். நீ போனதிலிருந்து வகுப்பில் தானாக ஒரு வார்த்தை பேசாதவள்.

"பெட்டி எத்தனன்னு கேட்டா ஏழு. டீச்சர் அதக் கேக்கலல்லா? குச்சி எத்தனன்னுதான கேட்டாவ. கேள்வி எதுன்னு முதல்ல பாரு."

உன் இழுவை. 'கேள்வி எதுன்னு' என்பதில் அந்த 'எது'வை நீட்டுவாயே, அதே நீட்டல். வகுப்பு, ஆமால்லா, என்றது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏழு பெருக்கல் பூஜ்ஜியம் சமம் பூஜ்ஜியம் என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகும் திரும்பாமல் நின்றேன். அவள் உன் குரலில் பேசியதற்குச் சந்தோஷப்படவா, அந்தக் குரலை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பப் போகிறேனே என்று அழவா?

மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவர் பைக்கில் வந்துவிட்டார். இருட்டுவதற்குள் நாகலாபுரம் போய்ச் சேர வேண்டும். துணிப்பை முன்னால், புத்தகப் பை அவள் தோளில். பிள்ளைகள் மதிலோரம் வரிசையாக நின்றன. நான் அவள் தலையைச் சரிசெய்தேன், ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினேன். நன்றாகக் கட்டியிருந்ததைத்தான் அவிழ்த்தேன்.

மணி அடித்தது. அவள் என் சேலையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"சித்தி, அங்கன உடைச்சுப் போட்டா சரின்னு ஒத்துக்கிடுவாவளா?"

"யாரு?"

"அங்கன உள்ள டீச்சர். ஏழெட்டு கேட்டா எனக்கு உடனே வராதுல்லா. நான் போட்டு முடிக்குத வரைக்கும் நிப்பாவளா?"

ஏழெட்டு என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கிற டீச்சரை என் வாழ்க்கையில் நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நிப்பாவ" என்றேன்.

"உங்களுக்கு அவியளத் தெரியுமா?"

"தெரியும். நல்லாத் தெரியும்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி விளக்குக் கம்பம் தாண்டித் திரும்பும்வரை கையை ஆட்டினாள்.

அந்த ஊரில் எனக்கு ஒரு டீச்சரையும் தெரியாது, ஏட்டி.